நரையும் கொண்டையும்



ஐம்பது வயதைக் கடந்த பெண்ணொருத்தி காலை வேளையில் நிலைக்கண்ணாடியின் முன் நிற்கிறாள். கையிற் சீப்பு இருக்கிறது. உச்சி பிரித்த இடத்தின் இருமருங்கும் நரை ஓடியிருக்கிறது. முன்னிருந்த அடர்த்தியும் இப்போது இல்லை. “இந்தத் தலையை எப்படி முடிந்தால் என் முகத்துக்குப் பொருந்தும்?” என்று அவள் வாய்விட்டுக் கேட்டாள் என வைத்துக்கொள்வோம். வீட்டிலுள்ளார் என்ன மறுமொழி கூறுவர்? “இந்த வயதில் இனி என்ன அலங்காரம்? இழுத்து முடிந்துகொண்டு வாருங்கோ” என்பதே பெரும்பாலும் வரும் மறுமொழி. யாழ்ப்பாணத்திலே தலை வாருவதைத் ‘தலை இழுத்தல்’ என்றுதான் சொல்லுகிறோம். நடுவயதுப் பெண்ணின் தலையைப் பொறுத்தவரை அச்சொல் முழுவதும் பொருந்தியே வந்திருக்கிறது. அதை இழுத்துக் கட்டி முடிந்துவிடுவதே முறை என்று கருதினோம்.

அவள் கேட்டது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆனால் அதற்குப் பின்னே நெடியதொரு வரலாறு நிற்கிறது. தன் கூந்தலை எவ்வாறு முடிவது என்பதைத் தானே தீர்மானிக்கும் வாய்ப்பு நம் பெண்ணுக்கு மிகக் குறைவாகவே கிடைத்தது. இளமையில் தாய் பின்னிவிட்டாள். மணமான பின்னர், இவள் கணவனோடு வாழ்பவள் என்பதைக் கொண்டையும் பூவும் ஊருக்கு அறிவித்தன. கணவன் மறைந்த அன்றே பூ நீங்கியது. ஆகவே அவள் முடிந்த கொண்டை முகத்தைப் பார்த்து முடிந்த கொண்டை அன்று; நிலையைப் பார்த்து முடிந்த கொண்டை. அந்நிலை எவ்வாறு அமைந்தது, எவ்வாறு மாறிவருகிறது என்பதையே இன்று உங்களுடன் சேர்ந்து சிந்திக்க விழைகின்றேன்.

கூந்தலைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழில் உள்ள சொல்வளம் வியக்கத்தக்கது. ஓதி, கதுப்பு, குழல், அளகம், கூழை, முச்சி எனப் பல பெயர்களைப் பழம்பாடல்களிற் காண்கிறோம். கூந்தலை ‘ஐம்பால்’ என்றும் வழங்கினர். ஐந்து பகுதியாக முடிக்கப்படுவது என்பது இதன் பொருள். உச்சியில் முடிப்பது முடி. பக்கத்தே முடிப்பது கொண்டை. பின்னே செருகுவது சுருள். சுருட்டி முடிப்பது குழல். பின்னிவிடுவது பனிச்சை என்று உரையாசிரியர்கள் இவ்வைந்தையும் விளக்குவர். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற வினா பாண்டியன் அவையிலே நக்கீரருக்கும் இறைவனுக்குமிடையே பெரும் வழக்காயிற்று என்று கதையே எழுந்தது. ஓர் இனத்தார் கூந்தலை எவ்வளவு கருத்தோடு நோக்கியிருந்தால் இத்தனை சொற்களும் இத்தகைய கதையும் பிறந்திருக்கும்!

ஆயினும் இவையெல்லாம் இளமகளிர் கூந்தலைப் பற்றியன. நரைத்த பின்னர் நிகழ்வது வேறு. புறநானூற்றிலே முதியோள் ஒருத்தி வருகிறாள். மீனுண்ணும் கொக்கின் இறகுபோல வெளுத்திருக்கிறது அவள் கூந்தல். அதனைப் புலவர் பூங்கணுத்திரையார் கண்டு பாடுகிறார். ஆனால் அவளுக்குப் பெருமை தருவது அந்தக் கூந்தல் அன்று. யானையைக் கொன்று தானும் களத்தில் மாண்ட மகனே. ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய் இன்னும் நம் நெஞ்சை உருக்குகிறாள். தந்தையைப் போரில் இழந்து, கணவனையும் போரில் இழந்த அவள், மீண்டும் போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனின் குடுமியில் எண்ணெய் தடவி, வாரிவிட்டு, வேலைக் கையிற் கொடுத்து அனுப்புகிறாள். எண்ணெயும் அவள் கையில் இருக்கிறது, சீப்பும் இருக்கிறது. ஆனால் அவை அவளுடைய தலைக்கு உரியன அல்ல.

ஆடவரின் நரைக்கோ வேறு மதிப்பு. ஆண்டு பல சென்றும் நரை தோன்றாதிருப்பது எவ்வாறு என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் விடை கூறினார். மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பியவர், ஏவலர் குறிப்பறிந்து நடப்பவர், அரசன் முறை தவறாதவன், ஊரிலே சான்றோர் பலர் என்று காரணங்களை அடுக்கினார். கவலையின்மையே கருமையைக் காத்தது என்பது கருத்து. அழகிய விடைதான். ஆனால் அந்த மாண்புடைய மனைவிக்கு நரைத்திருந்ததா என்று எவரும் கேட்கவில்லை! கம்பராமாயணத்திலே தசரதனின் காதருகே ஒரு மயிர் வெளுக்கிறது. அரசை மகனுக்கு ஈந்து தவம் செய்யும் பருவம் இது என்று அந்நரை அவன் காதோடு வந்து சொன்னதுபோல் இருந்ததாம். அரசனின் நரை அறிவுரை கூறுகிறது. ஆட்சி மாற்றத்துக்கே வழிசெய்கிறது.

பெண்ணின் நரை என்ன கூறிற்று? மணிமேகலைக் காப்பியத்திலே, தன்மீது காதல் கொண்ட உதயகுமாரனுக்கு மணிமேகலை ஒரு நரைமூதாட்டியைச் சுட்டிக் காட்டுகிறாள். கருமணல்போல் இருந்த கூந்தல் வெண்மணலாய் மாறியதைப் பார் என்று தொடங்கி, உறுப்பு ஒவ்வொன்றும் அழிந்த வகையை விரித்துரைக்கிறாள். யாக்கை நிலையாமையை உணர்த்துவதற்கு அம்மூதாட்டி ஒரு பாடமாகிறாள். தெருவிலே நின்ற அவள் தன்னைப்பற்றி என்ன நினைத்தாள் என்பது காப்பியத்தில் இல்லை. பாலி மொழியிலுள்ள தேரிகாதையில் அம்பபாலி என்னும் பிக்குணியும் தன் கூந்தலின் அழிவைப் பாடுகிறாள். ஒரு காலத்தில் பெருங்கணிகையாய் விளங்கியவள் அவள். அங்கே ஒரு வேறுபாடு உண்டு. தன் தலையைத் தானே பார்த்துத் தானே பேசுகிறாள்.

முதுமையைத் தானே விரும்பி ஏற்ற பெண்களும் நம் மரபில் இருக்கிறார்கள். மணவாழ்க்கையை வேண்டாத ஔவை, விநாயகரை வேண்டி இளமை நீங்கி மூதாட்டியானாள் என்பது கதை. காரைக்காலம்மையார் அழகைத் துறந்து பேயுருவை வேண்டிப் பெற்றார். பொலனறுவையிற் கிடைத்த சோழர் காலச் செப்புத் திருமேனிகளிலே காரைக்காலம்மையாரின் உருவமும் உண்டு. எலும்பெழுந்த உடலோடு அமர்ந்து, கையிலே தாளமேந்தி, இறைவன் ஆடலில் ஒன்றியிருக்கிறார். அச்சிலையைப் பார்ப்பவர் எவரும் அதனை அழகற்றது என்று சொல்லமாட்டார். ஆயினும் இவ்விரு கதைகளும் உணர்த்தும் செய்தியை நாம் மறக்கலாகாது. அழகைக் கைவிட்டால்தான் பெண்ணுக்கு உரிமை கிடைத்தது. அழகையும் உரிமையையும் ஒருங்கே வைத்துக்கொள்ளும் முதுமகளின் கதையை நம் முன்னோர் சொல்லவில்லை.

இனி, கைம்மையைப் பார்ப்போம். நடுவயதுப் பெண்ணின் தலையைப் பற்றிப் பேசும்போது கைம்மையை விலக்கிவிட்டுப் பேச முடியாது. ஏனெனில் பெண்கள் பலருக்கு அவ்விரண்டும் சேர்ந்தே வந்தன. கணவனை இழந்தவள் கூந்தலைக் களைந்து, வளையை நீக்கி, அல்லியரிசி உண்டு வாழ்ந்த நிலையைப் புறநானூறு காட்டுகிறது. இந்தியாவிலே சில சாதியாரிடையே கைம்பெண்ணின் தலையை மழிக்கும் கொடுமை இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. 1890ஆம் ஆண்டு பம்பாயிலே நாவிதர்கள் கூட்டம் கூடி, இனிக் கைம்பெண்களின் தலையை மழிப்பதில்லை என்று உறுதிபூண்டனர். கற்றவர்கள் சாத்திரம் பேசிக்கொண்டிருந்த வேளையில், கத்தியைக் கையிற் பிடித்த தொழிலாளர் அதைக் கீழே வைத்தது எண்ணிப் பார்க்கத்தக்க செயலாகும்.

யாழ்ப்பாணத்திலே எங்கள் நினைவுக்கெட்டிய காலத்தில் தலை மழிக்கும் வழக்கம் பெரும்பாலான குடும்பங்களில் இல்லை. பூவும் பொட்டும் நீங்குவதே வழக்காக இருந்தது. “இது தொன்றுதொட்டு வந்த முறை, இதை மாற்றலாமா?” என்று கேட்போர் உண்டு. அவர்கள் தேசவழமையை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நன்று. ஒல்லாந்தர் ஆட்சியிலே யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்சு, இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707ஆம் ஆண்டில் முடித்தார். அத்தொகுப்பிலே கைம்பெண் மறுமணம் செய்தால் முதல் மணத்துப் பிள்ளைகளின் சொத்து என்னாவது என்பதற்கு விதி இருக்கிறது. வழக்கத்தில் இல்லாத ஒன்றுக்கு எவரும் விதி எழுதமாட்டார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மறுமணத்துக்கே இடமளித்த மண்ணிலே, ஒரு முழம் பூவுக்கு இடமில்லை என்று பின்வந்தோர் கூறினர். பழமை என்று நாம் மதித்துப் போற்றுவதெல்லாம் உண்மையிற் பழமை அல்ல என்பதற்கு இஃது ஒரு சான்று.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணவும் வேண்டா. இங்கிலாந்திலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வயது வந்த மணமான மாதர் வீட்டினுள்ளும் துணித்தொப்பியால் தலையை மூடினர். விக்டோரியா மகாராணியார் 1861ஆம் ஆண்டு டிசம்பரில், தமது நாற்பத்திரண்டாம் வயதில் கணவரை இழந்தார். 1901இல் தாம் இறக்கும்வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், கைம்மைக்குரிய தொப்பியையும் கறுப்பு உடையையுமே அணிந்தார். உலகின் பெரும்பகுதியை ஆண்டவரின் தலைக்கும் ஊர்வழக்கு ஒரு சட்டமாக இருந்தது.

இந்நிலையில், நம் வீடுகளில் விளங்கிய கொண்டையின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். விடியுமுன் எழுந்து முற்றம் கூட்டி, துலாவில் நீர் அள்ளி, விறகடுப்பின் முன் குனிந்து நின்ற பெண்ணுக்கு விரிந்த கூந்தல் இடையூறு. பிடரியில் இறுக முடிந்த கொண்டை அவள் தொழிலுக்கு ஏற்ற கோலம். கிழமைக்கு ஒருமுறை நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்துத் தோய்ந்தாள். செவ்வரத்தை இலையைக் கசக்கி அதன் வழுவழுப்பினால் தலையை அலசினாள். நரையை மறைக்க விரும்பியோர் மருதோன்றி அரைத்துப் பூசினர். மயிர் குறைந்தவர் சவுரி வைத்து முடிந்தனர். ஆகவே, பழங்காலத்துப் பெண்கள் அழகை நாடவில்லை என்பது உண்மையன்று. நாடினர், வெளியே சொல்லாமல் நாடினர். பெட்டியின் அடியில் மறைத்து வைக்கப்பட்ட சவுரி அதற்குச் சாட்சி.

மாற்றத்தின் வாயிலைத் திறந்தவை பள்ளிக்கூடங்கள். அமெரிக்க மிஷனரிமார் 1824இல் உடுவிலிலே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினர். 1896இல் சுண்டிக்குளி மகளிர் கல்லூரியும், 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் நிறுவிய பெண்கள் கல்லூரியும், 1943இல் யாழ்ப்பாணம் இந்து மகளிர் கல்லூரியும் தோன்றின. இவற்றிற் கற்ற பெண்களிற் பலர் ஆசிரியைகளாயினர். இவ்வாறு ஊரார் முன்னே ஒரு புதிய உருவம் வந்தது. ஐம்பது வயதுப் பெண், கையிலே புத்தகமும் குடையும் ஏந்தி, தூய பருத்திப் புடைவையும் செவ்வையான கொண்டையுமாகத் தெருவில் நடந்தாள். அவள் யாருடைய மனைவி, யாருடைய தாய் என்று கேட்பதற்கு முன்னர், “ரீச்சர் வாறா” என்று ஊர் எழுந்து நின்றது. கொண்டை அதே கொண்டைதான். ஆனால் அது இப்போது குடும்ப நிலையை மட்டும் அறிவிக்கவில்லை. அவளுடைய பதவியையும் அறிவித்தது.

இதே காலத்தில் ஆடவர் நிலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நம் பாட்டன்மாரிற் பலர் குடுமி வைத்திருந்தவர்கள். ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும் வந்தபோது இரண்டு தலைமுறைக்குள் குடுமிகள் மறைந்தன. அவ்வப்போது முணுமுணுப்பு எழுந்ததேயன்றி, குடுமியை நீக்கியவனை எவரும் ஒழுக்கம் கெட்டவன் என்று ஒதுக்கிவிடவில்லை. மகனின் கத்தரித்த தலை நாகரிகம் எனப்பட்டது. மகள் கத்தரித்தால் அது நாணமின்மை எனப்பட்டது. மேல்நாட்டிலும் முதலாம் உலகப் போருக்குப் பின், 1920களில், பெண்கள் கழுத்தளவாக மயிரைக் கத்தரித்தபோது பெருங்கூச்சல் எழுந்தது. பின்னர் அடங்கியது.

1960களிலே மூன்று பெண்களை உலகம் கண்டது. சிறிமாவோ பண்டாரநாயக்க அவர்கள் 1960 ஜூலையில், தமது நாற்பத்துநான்காம் வயதில், உலகின் முதற் பெண் பிரதமரானார். எளிய கொண்டையே அவர் தலைக்கோலம். இந்திரா காந்தி அம்மையார் 1966 ஜனவரியில், நாற்பத்தெட்டு வயதில், இந்தியாவின் பிரதமரானார். கத்தரித்த குறுங்கூந்தலும், பின்னாளில் நெற்றிக்கு மேலே வெளிப்பட்ட வெள்ளைக் கீற்றும் அவருக்கே உரிய அடையாளமாயின. அவ்வாண்டு அக்டோபரிலே எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் ஐம்பது வயதில் ஐக்கிய நாடுகள் சபை மண்டபத்திற் பாடினார். மல்லிகை சூடிய கொண்டையோடு வாழ்நாள் முழுவதும் மேடையேறியவர் அவர். ஒருவர் எளிமையாய் முடிந்தார், ஒருவர் கத்தரித்தார், ஒருவர் பூச்சூடினார். மூன்றும் பொருந்தின. ஏனெனில் ஒவ்வொன்றும் அணிந்தவரின் இயல்போடு இசைந்திருந்தது. முதலிருவரும் கைம்பெண்கள் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். நாட்டை ஆளும் பெண்ணைப் பார்த்து, “உனக்கு இனி என்ன தோற்றம்?” என்று கேட்க எவருக்கும் துணிவு வரவில்லை. அந்த மரியாதை அயல்வீட்டுக் கைம்பெண்ணுக்கும் உரியதன்றோ?

திரைப்படத்திலும் ஒரு செய்தி உண்டு. 1953இல் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட ‘ஔவையார்’ படத்திலே கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் நரைத்த தலையோடு கதையின் தலைவியாகத் தோன்றினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்துநான்கு. 1933இல் கணவர் கிட்டப்பாவை இழந்தது முதல் வெள்ளைப் புடைவையே உடுத்தவர் அவர். மக்கள் திரள் திரளாகச் சென்று கண்டனர். நரைத்த தலைக்குத் திரையின் நடுவிலே இடமுண்டு என்பதை அப்படம் நிலைநாட்டியது. அத்தகைய படங்கள் பின்னர் அருகியதுதான் வருந்தத்தக்கது.

நம் வானொலியையும் இங்கே குறிப்பிடாமல் விட முடியாது. இலங்கை வானொலியில் மாதருக்கென ஒலித்த நிகழ்ச்சியொன்றுக்குப் ‘பூவும் பொட்டும்’ என்று பெயர். வேலை செய்த கையை நிறுத்திவிட்டு எத்தனையோ பெண்கள் ஆவலோடு அதைக் கேட்டார்கள். அடுப்படியிற் பூவும் பொட்டும் இல்லாமல் இருந்து கேட்டவர்களும் அவர்களுள் இருந்தார்கள். பெயர் வைத்தவர் மனத்திலே குறையேதும் இல்லை. அழகு என்றாலே அவ்விரண்டும்தான் என்று மொழியே நம்மைப் பழக்கிவிட்டது.

பிறகு போர்க்காலம் வந்தது. 1990களின் பொருளாதாரத் தடையிலே குடாநாட்டில் சவர்க்காரம் அரிய பொருளாயிற்று. பனம்பழக் களியால் துணி தோய்த்தோம். பாட்டிமார் சொன்ன செவ்வரத்தை இலை மீண்டும் தலைக்கு வந்தது. 1995 அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். அந்த மழையிரவில் யாருடைய கொண்டை அவிழ்ந்தது, யார் மீண்டும் முடிந்தார் என்று எவரும் பார்க்கவில்லை. கணவன் கொலையுண்ட நாளிலே கண்ணகி விரித்த கூந்தலோடு பாண்டியன் அவைக்குச் சென்றாள் என்று வகுப்பிலே கற்பித்த நாங்கள், விரித்த கூந்தலின் பொருளை அந்தத் தெருவிலே கண்டோம். 2009இல் போர் முடிந்தது. அடுத்த ஆண்டு, வடக்கிலும் கிழக்கிலும் கணவரை இழந்த பெண்கள் 89,000 பேர் உளர் என்று அரசு தரப்பிற் கூறப்பட்டது. அன்று இளம்பெண்களாக இருந்த பலர் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள், பலர் கடந்துவிட்டார்கள். கண்ணாடி முன் நிற்கும் பெண் என்று நான் தொடக்கத்திற் சொன்னவள், அவர்களுள் ஒருத்தியாகவும் இருக்கலாம்.

என்னோடு ஒரு பாடசாலையிற் கற்பித்த ஆசிரியை ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய கணவர் காணாமற் போனவர். இறந்தார் என்று சொல்ல உடலில்லை. இருக்கிறார் என்று சொல்லக் கடிதமில்லை. அவர் நாள்தோறும் தம் கொண்டையில் ஒரேயொரு நந்தியாவட்டைப் பூ வைத்து வருவார். தலை முழுவதும் நரைத்த பின்னரும் அப்பூவை விடவில்லை. சிலர் ஆசிரியர் அறையிலே அவர் காதுபடவே பேசினார்கள். நானும் ஒருநாள், இரக்கத்தினால் என்று எண்ணிக்கொண்டு, “ஊர்வாய்க்கு ஏன் இடம் கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இந்தப் பூவை நான் எடுத்துவிட்டால், அவர் இல்லை என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும், அம்மா” என்றார். அன்றிலிருந்து ஒரு பெண்ணின் தலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை நான் விட்டேன். அவர் கேட்காத அறிவுரையை அவருக்குக் கூறிய வெட்கம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

ஆகவே, எது பொருந்தும் என்ற வினாவுக்கு முதல் விடை, முடிவு அவளுடையது என்பதே. அவள் விரும்பிக் கேட்டால், அறிந்ததைச் சொல்லலாம். அவ்வகையிற் சில சொல்கிறேன்.

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உடற்சுரப்புகள் குறைவதால் மயிரின் பருமனும் அடர்த்தியும் குறைகின்றன. நடு உச்சி அகன்று தோன்றுகிறது. இது நோயன்று, இயற்கை. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு மயிர் உதிர்வதும் இயல்பே. திடீரெனக் கொத்தாக உதிர்ந்தால் எண்ணெயை மாற்றிப் பயனில்லை. குருதியில் இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டுச் சுரப்பியின் கோளாறும் காரணமாகலாம். மருத்துவரைக் காண வேண்டும். மெலிந்த மயிரை இறுக்கி இழுத்துக் கட்டினால் நெற்றியோரம் மேலும் வெறுமையாகும். கனமான சவுரியும் அவ்வாறே செய்யும். ஆகவே, தளர முடிவதே இப்பருவத்துக்கு முதல் விதி. ‘தலை இழுத்தல்’ என்ற சொல்லை வைத்துக்கொள்வோம், இழுப்பதைக் குறைத்துக்கொள்வோம்.

நடு உச்சி அகன்றவர் கன்ன உச்சி பிரித்தால் அவ்வகலம் மறையும். வட்ட முகத்தவர் முன்மயிரைச் சற்றே உயர்த்தி வாரினால் முகம் நீளமாய்த் தோன்றும். ஒடுங்கி நீண்ட முகத்தவர் காதோரம் மயிரைத் தளரவிட்டால் கன்னம் நிரம்பித் தோன்றும். குறுகிய கழுத்துடையவர் கொண்டையைப் பிடரிக்குச் சற்று மேலே வைக்கட்டும். நெடுங்கழுத்துடையவர் தாழ முடியட்டும். மயிர் மிகக் குறைந்தவர் தோளளவாகவோ கழுத்தளவாகவோ கத்தரித்தால் அதுவே அடர்த்தியாய்த் தோன்றும், பராமரிப்பும் எளிது. எண்ணெயைத் தோய்வதற்கு முன் வைத்து அலசிவிட வேண்டும். நாள் முழுவதும் எண்ணெய் வழிய விட்டால், மெலிந்த மயிர் தலையோடு ஒட்டி அதன் குறையையே காட்டும். சுண்ணாம்புக் கற்பாறையினூடே ஊறிவரும் நம் கிணற்றுநீர் வன்னீர். அது மயிரைச் சொரசொரப்பாக்கும். மாரியில் மழைநீரையும், மற்றைக் காலத்தில் கொதித்தாறிய நீரில் சில துளி தேசிப்புளியையும் கடைசி அலசலுக்குப் பயன்படுத்தினால் மயிர் மென்மை பெறும்.

நரைக்குச் சாயம் இடுவதா விடுவதா என்பதும் அவரவர் விருப்பமே. 1907ஆம் ஆண்டு பிரான்சிலே யூஜீன் ஷுவெல்லர் என்னும் இரசாயன அறிஞர் செயற்கைச் சாயம் ஒன்றை ஆக்கி விற்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் பரந்திருக்கும் பெருந்தொழிலுக்கு அது வித்தாயிற்று. இச்சாயங்கள் பலவற்றிலுள்ள பி.பி.டி. என்னும் பொருள் சிலருக்குத் தோலில் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். எனவே இரண்டு நாள் முன்னதாகக் காதின் பின்புறம் சிறிதளவு தடவிப் பார்த்தல் வேண்டும். இயற்கை மருதோன்றி என்று விற்கப்படும் கருஞ்சாயங்களிலும் அப்பொருள் கலந்திருப்பதுண்டு. நரையை அப்படியே விட விரும்புவோர், மயிரைத் தூய்மையாகவும் ஒழுங்காகவும் வைத்திருந்தால் அதுவே தனியழகு. சாயமிடுபவரை நாடகமாடுபவர் என்றோ, நரையோடிருப்பவரைக் கவனமற்றவர் என்றோ கூற நமக்கு உரிமையில்லை.

நேயர்களே, நம் மொழியிலே கூந்தலை முடிக்க ஐந்து வகை சொல்லி வைத்தார்கள். அவ்வைந்தையும் இளையவளுக்கு மட்டும் என்று அவர்கள் எழுதி வைக்கவில்லை. நாமே அவ்வாறு ஒதுக்கினோம். நாளைக் காலையில் உங்கள் வீட்டில் ஒருத்தி கண்ணாடி முன் சற்று நேரம் கூடுதலாக நின்றால், அவள் மனைவியாயினும், தாயாயினும், துணையிழந்த தமக்கையாயினும், “இந்த வயதில் என்ன?” என்று கேளாதிருங்கள். முற்றத்திலே நந்தியாவட்டை பூத்திருந்தால், அவளுக்கு வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டுவதும் வேண்டாததும் அவள் விருப்பம்.